கைப்பேசி மறக்காத கடவுச்சொல்

வீட்டுச் சாவியை நாளொன்றுக்கு நான்கு முறையாவது கையில் எடுக்கிறோம். அது எந்த ஆணியில் தொங்குகிறது என்பது இருட்டிலும் நமக்குத் தெரியும். வைஃபை கடவுச்சொல்லின் கதை வேறு. இணைப்புக் கொடுத்த நாளில் அதை ஒரே ஒரு முறை தட்டச்சு செய்கிறோம். அதன்பின் கைப்பேசி அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, நாம் மறந்துவிடுகிறோம். ஓராண்டு கழித்துப் புதிய தொலைக்காட்சி வாங்கும்போதோ, விடுமுறைக்கு வந்த தங்கை மகன் 'மாமா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?' என்று கேட்கும்போதோதான் அந்தச் சொல் நம் நினைவில் இல்லை என்பதே தெரியவருகிறது.

நான் வசிக்கும் மறைமலை நகரில் இக்கேள்வி மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகமாகவே ஒலிக்கிறது. காரணம், இது வருவோரும் போவோருமாக இயங்கும் ஊர். சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் சாலையின் இருபுறமும் கார், பேருந்து, டயர், உதிரிபாகம், கைப்பேசி எனத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் தென் மாவட்டங்களில் இருந்தும் வட மாநிலங்களில் இருந்தும் வந்து, அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஓர் அறையில் நால்வர் இருப்பார்கள். இணைய இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். மாதக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒப்பந்தம் முடிந்து ஒருவர் ஊருக்குப் போவார். அவர் கட்டிலுக்கு இன்னொருவர் வருவார். வந்தவர் முதலில் கேட்பது கடவுச்சொல்லைத்தான்.

அதற்கு எளிய விடை ஒன்று உண்டு. அந்த விடைக்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மறந்துபோன கடவுச்சொல் எங்கும் தொலைந்துவிடவில்லை. அந்த இணைப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஓரிரு நிமிடங்களில் அதைத் திரும்பப் பார்த்துவிடலாம். ஆனால், நம்மால் பார்க்க முடிகிறதென்றால், அந்த இணைப்பை முன்பு பயன்படுத்திவிட்டுப் போன ஒவ்வொருவராலும் பார்க்க முடியும். முதல் பாதியைப் பலரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

சொல் எங்கே இருக்கிறது?

வைஃபை இணைப்பு ஏற்படும்போது கைப்பேசி கடவுச்சொல்லை அப்படியே காற்றில் அனுப்புவதில்லை. ரவுட்டரும் கைப்பேசியும், தங்களிடம் உள்ள கடவுச்சொல் ஒன்றுதான் என்பதைக் கணக்கீடுகள் வழியே ஒன்றுக்கொன்று மெய்ப்பித்துக்கொள்கின்றன. நான்கு செய்திகள் இங்கும் அங்கும் போய்வருகின்றன. அவற்றில் கடவுச்சொல் இராது. அதிலிருந்து பெறப்பட்ட விடை மட்டுமே இருக்கும். நாம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இந்த உரையாடல் புதிதாக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நம்மிடம் கேட்காமல் இதை நடத்தவேண்டும் என்றால் கைப்பேசி அந்தச் சொல்லைத் தன்னிடம் சேமித்து வைத்திருந்தாகவேண்டும். அதனால்தான் அது மறப்பதில்லை.

முன்பெல்லாம் இந்தச் சேமிப்பைக் கைப்பேசியின் உரிமையாளரே பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது பூட்டப்பட்ட கோப்பாக இருந்தது. அதைத் திறக்கக் கைப்பேசியின் அடிப்படைப் பாதுகாப்பையே உடைக்க வேண்டியிருந்தது. 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 இந்த நிலையை மாற்றியது. ஐபோனில் 2022 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16 அதே வசதியைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் விற்கும் கைப்பேசிகள் அனைத்துமே இதற்குப் பிந்தையவை என்பதால், பெரும்பாலானோர் கையில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் வழி இது: அமைப்புகளைத் திறந்து, வைஃபை பகுதிக்குச் சென்று, இணைந்திருக்கும் வலையமைப்பின் பெயரையோ அதன் அருகிலுள்ள பல்சக்கரக் குறியையோ தொடவேண்டும். அங்கே 'பகிர்' என்ற பொத்தான் இருக்கும். தொட்டதும் கைரேகை அல்லது திரைப்பூட்டின் எண்ணைக் கேட்கும். கொடுத்தால் ஒரு க்யூஆர் குறியீடு திரையில் தோன்றும். சில கைப்பேசிகளில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே கடவுச்சொல் எழுத்தில் காட்டப்படும். வேறு சிலவற்றில் கட்டம் மட்டும் வரும். அப்போது இன்னொரு கைப்பேசியின் கேமராவை அதன்மேல் காட்டினாலே போதும். அந்தக் கைப்பேசி இணைந்துவிடும். சொல்லே எழுத்தில் தேவையென்றால், அந்தத் திரையைப் படமாக எடுத்துக் கூகுள் லென்ஸ் போன்ற செயலியில் திறந்து படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு சிறு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். கடவுச்சொல்லில் அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற குறிகள் இருந்தால், க்யூஆர் குறியீட்டுக்குள் அவற்றின் முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு சேர்க்கப்பட்டிருக்கும். அது கடவுச்சொல்லின் பகுதியல்ல. அதை நீக்கிவிட்டு எழுதவேண்டும். 'சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் இணையவில்லை' என்ற புலம்பல்களில் சில இந்தக் கோட்டினால் வருபவை.

ஐபோனில் இன்னும் நேரடியானது. அமைப்புகளில் வைஃபை பகுதிக்குச் சென்று, வலையமைப்பின் பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் இருக்கும் குறியைத் தொட்டால் 'கடவுச்சொல்' என்ற வரி இருக்கும். அதைத் தொட்டு, முகத்தையோ விரலையோ காட்டினால் சொல் தெரியும். மேலே உள்ள 'திருத்து' என்பதைத் தொட்டால் முன்பு எப்போதோ இணைந்த வலையமைப்புகளின் பட்டியலும் அவற்றின் கடவுச்சொற்களும் கிடைக்கும். ஆண்ட்ராய்டிலும் 'சேமித்த நெட்வொர்க்குகள்' என்ற பட்டியல் உண்டு.

இந்தப் பட்டியல்களைப் பார்க்க அந்த வைஃபையின் எல்லைக்குள் இருக்கவேண்டிய தேவையில்லை. ஒரகடத்து அறையின் கடவுச்சொல்லை, ஊருக்குப் போய்விட்ட நண்பர் திருநெல்வேலியிலோ பாட்னாவிலோ இருந்தபடியே எடுத்துச் சொல்ல முடியும். அவசரத்துக்கு இது பெரிய உதவி. அதே வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடக் கூடாது. இணைப்பில் கோளாறு வந்தால் வலையமைப்பின் பெயரைத் தொட்டு 'மறந்துவிடு' என்ற பொத்தானை அழுத்தி, மறுபடி இணைப்பது பலருக்கும் பழக்கம். அந்தப் பொத்தானை அழுத்தினால் கைப்பேசி கடவுச்சொல்லை உண்மையிலேயே மறந்துவிடும். அதற்கு முன் சொல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அறிவுடைமை.

தொழிற்சாலையில் பிறந்த கட்டம்

கடவுச்சொல்லைச் சுமந்து வரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இந்தப் பகுதித் தொழிலாளர்களுக்கு அயலான பொருளன்று. உதிரிபாகப் பெட்டிகளில் நாள் முழுவதும் ஒட்டுவதும் வருடிப் படிப்பதும் அவர்கள் வேலையின் ஒரு பகுதி. க்யூஆர் குறியீடு பிறந்ததும் அதற்காகத்தான். ஜப்பானில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைப் பின்தொடர 1994-இல் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய குழுவும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன்பிருந்த பட்டைக்குறியீட்டில் சில இலக்கங்களே அடங்கின. ஒரே பெட்டிக்குப் பல பட்டைகளைத் தனித்தனியே வருடவேண்டியிருந்தது தொழிலாளர்களைச் சோர்வடையச் செய்தது. கறுப்பு வெள்ளைக் காய்களால் ஆடும் 'கோ' விளையாட்டின் பலகையிலிருந்து தமக்கு இந்த எண்ணம் கிடைத்ததாக ஹாரா கூறியிருக்கிறார். நிறுவனம் தன் காப்புரிமையை வலியுறுத்தாமல் விட்டதால், அந்தக் கட்டம் தொழிற்சாலைக் கதவைத் தாண்டித் தேநீர்க் கடைக் கல்லாவரை வந்துசேர்ந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உதிரிபாகப் பெட்டியின் மேலிருக்கும் கட்டம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவரும் படிக்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறது. வைஃபை க்யூஆர் குறியீடும் அப்படித்தான். வலையமைப்பின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் மூன்றும் அதில் எந்த மறைப்பும் இல்லாமல் எழுத்தாகவே இருக்கின்றன. பார்வைக்குப் புரியாத கோலம்போல இருப்பதால் அது ரகசியம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, கடவுச்சொல்லை எழுதிப் போடுவதற்குச் சமம்.

கைப்பேசியும் கைகொடுக்காவிட்டால்

சேமித்திருந்த கைப்பேசி பழுதாகிவிட்டது, அல்லது பழைய ஆண்ட்ராய்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழிகள் உண்டு. முதலில் ரவுட்டரைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வலையமைப்பின் பெயரும் தொடக்கக் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். யாரும் மாற்றாமலிருந்தால் அதுவே இன்றும் செல்லும்.

மாற்றப்பட்டிருந்தால், ஏற்கெனவே இணைந்திருக்கும் ஏதேனும் ஒரு கருவியில் உலாவியைத் திறந்து, அதே சீட்டில் உள்ள முகவரி எண்ணைத் தட்டவேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அங்கே ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அதற்குத் தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. வைஃபை கடவுச்சொல் வீட்டுக்குள் வருவதற்கான சாவி. நிர்வாகக் கடவுச்சொல் பூட்டையே மாற்றுவதற்கான சாவி. இரண்டும் வெவ்வேறு என்பதைப் பலர் அறியாததால்தான், முதலாவதை அடிக்கடி மாற்றுபவர்கள்கூட இரண்டாவதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

கடைசி வழி, ரவுட்டரின் பின்புறம் உள்ள சிறு துளைக்குள் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது. எல்லாம் அழிந்து, சீட்டிலுள்ள தொடக்கக் கடவுச்சொல் திரும்பிவிடும். ஆனால், இன்று பல வீடுகளில் இருப்பது கண்ணாடி இழை இணைப்புக்கான பெட்டி. அதை இப்படி அழித்தால், கடவுச்சொல்லோடு சேர்ந்து இணைய நிறுவனம் பதித்துவைத்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோகக்கூடும். அதன்பின் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. ஆகவே குண்டூசியை எடுக்குமுன் நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுக் கதவு

'வைஃபை கடவுச்சொல்லை மீட்பது எப்படி?' என்று இணையத்தில் தேடுகிறவர்கள் எல்லாரும் தம் வீட்டுச் சொல்லைத்தான் தேடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. எந்த வைஃபையையும் ஒரே தொடுதலில் திறந்துகாட்டுவதாகச் சொல்லும் செயலிகளுக்கு இங்கே நல்ல வரவேற்பு இருக்கிறது. அவற்றில் பல வெறும் விளம்பரக் கூடுகள். சில, நம் கைப்பேசியில் உள்ள தொடர்புகளையும் இருப்பிடத்தையும் எடுத்துக்கொண்டு போகின்றன.

கடவுச்சொற்களைப் 'பகிர்ந்துகொள்வதாக'ச் சொல்லும் செயலிகள் இன்னும் சிக்கலானவை. நாம் அதை நிறுவினால், பிறர் பதிவேற்றிய கடவுச்சொற்கள் நமக்குக் கிடைக்கும்; நம் கைப்பேசியில் உள்ளவை அவர்களுக்குப் போகக்கூடும். இத்தகைய ஒரு செயலியின் தரவுத்தளம் எந்தப் பாதுகாப்பும் இன்றித் திறந்து கிடந்தது 2019 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகளின் கடவுச்சொற்கள் அதில் இருந்தன. பொது இடங்களின் இணைப்புகளை மட்டும் திரட்டுவதாகச் சொன்ன அந்தச் செயலியின் பட்டியலில் ஏராளமான வீடுகளின் வைஃபையும் இருப்பிடத்தோடு இடம்பெற்றிருந்தன.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி வலையமைப்பில் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவு தடுக்கிறது. அதை நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டு இணைப்பைத் 'தற்காலிகமாக'ப் பயன்படுத்துவது குறும்பு என்று எண்ணுகிற இளைஞர்களுக்கு இதை யாரேனும் சொல்லவேண்டும்.

போனவர் கையிலும் ஒரு சாவி

இப்போது முன்பு குறிப்பிட்ட மறுமுகத்துக்கு வருகிறேன். வாடகை வீட்டிலிருந்து ஒருவர் காலி செய்யும்போது, வீட்டு உரிமையாளர் சாவியைக் கேட்டு வாங்குகிறார். மின்கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறார். சுவரில் ஆணி அடித்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார். வைஃபை சாவி மட்டும் போனவரின் கைப்பேசியிலேயே போய்விடுகிறது. அவரது கைப்பேசி மாறினாலும் அது அழிவதில்லை. கூகுள் கணக்கின் காப்புநகல் வழியாகவோ ஆப்பிள் கணக்கின் வழியாகவோ புதிய கைப்பேசிக்கும் அது சென்று சேரக்கூடும். பழைய கைப்பேசியை அழிக்காமல் விற்றிருந்தால், வாங்கியவரிடமும் ஒரு பிரதி இருக்கும்.

இந்தப் பகுதியில் மக்கள் இடம்பெயரும் வேகத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு புரியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. மறைமலை நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிய ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. அதே காலத்தில் ஐபோன்களைச் செய்யும் ஆலைகள் வளர்ந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் ஆலை மூடும்போதும் இன்னொன்று திறக்கும்போதும் சுற்றியுள்ள தெருக்களில் நூற்றுக்கணக்கான அறைகளில் ஆட்கள் மாறுகிறார்கள். கடவுச்சொற்கள் மாறுவதில்லை.

கெட்ட எண்ணத்துடன் எவரும் போவதாக நான் சொல்லவில்லை. ஒன்றாகச் சமைத்து உண்டவர்களைச் சந்தேகிக்கும்படி யாரையும் கேட்கவுமில்லை. ஆனால், கடவுச்சொல் ஒருவரோடு நிற்பதில்லை. போனவர் தன் நண்பருக்கும், அந்த நண்பர் எதிர் அறைக்காரருக்கும் கொடுத்திருப்பார். மூன்றாவது கைக்குப் போனபின் அது யார் யாரிடம் இருக்கிறது என்பது இணைப்பின் சொந்தக்காரருக்குத் தெரிய வழியில்லை.

தெரியாமலிருப்பதன் விலை என்ன என்பதற்கு 2008-ஆம் ஆண்டு ஒரு பாடம் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாதில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்வதற்குச் சில நிமிடங்கள் முன்பு, அதற்குப் பொறுப்பேற்கும் மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அது எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக் கதவைத் தட்டியது. அவர் வீட்டு வைஃபைக்குப் பாதுகாப்பு இல்லை; யாரோ அதைப் பயன்படுத்தி அஞ்சலை அனுப்பியிருந்தார்கள். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் பல வாரங்கள் விசாரணை வளையத்துக்குள் இருந்தார். அதே ஆண்டில் மும்பையின் கல்லூரி ஒன்றின் வைஃபையும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 2009-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பது குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வெளியிட்டது.

ரயில் நிலையங்களில் தரப்படும் பொது வைஃபையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஒருமுறைக் குறியெண்ணைப் பதிந்தால்தான் இணைய முடியும். யார் எப்போது பயன்படுத்தினார் என்பதற்குத் தனித்தனிப் பதிவு இருக்கும். வீட்டு வைஃபையில் அத்தகைய பதிவு எதுவும் இல்லை. அந்த இணைப்பில் எவர் எதைச் செய்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி; நிறுவனத்தின் ஏட்டில் இருப்பது ஒரே பெயர். அறையில் நால்வர் இருந்தாலும், காவல்துறை முதலில் தேடி வருவது அடையாள அட்டை கொடுத்து இணைப்பு வாங்கியவரையே. மொழி தெரியாத ஊரில், ஒப்பந்த வேலையில் இருக்கும் ஓர் இளைஞருக்கு அந்த விசாரணை எத்தனை நாள் ஊதியத்தைப் பறிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பத்து இலக்கப் பழக்கம்

கடவுச்சொல் பிறர் கைக்குப் போகாமலேயே உடைபடவும் வாய்ப்புண்டு. வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வருகிற பணியாளர் பெரும்பாலும் கேட்காமலேயே வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போகிறார். மறக்காது என்பது அதிலுள்ள நன்மை. தீமை என்னவென்றால், அந்த எண்ணை நம் பால்காரர் முதல் கூரியர் தருபவர் வரை அனைவரும் அறிவார்கள்.

அறியாதவரும் கண்டுபிடிக்கலாம். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்குகின்றன. மீதி ஒன்பது இலக்கங்கள். ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள்தான். வைஃபை இணையும்போது போய்வரும் அந்த நான்கு செய்திகளை அருகிலிருந்து பதிவுசெய்துகொண்டால், அதன்பின் வீட்டருகே நிற்கவேண்டிய தேவையில்லை. விளையாட்டுக்காக விற்கப்படும் சக்திவாய்ந்த வரைகலை அட்டை நொடிக்குப் பல லட்சம் சொற்களை முயன்று பார்க்கும். 400 கோடியைக் கடக்கச் சில மணி நேரமே பிடிக்கும். பெயரோடு 123 சேர்ப்பதும் பிறந்த ஆண்டைச் சேர்ப்பதும் இதைவிட எளிதாக உடையும்.

வைஃபை கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும். 63 வரை போகலாம். நீளம்தான் வலிமை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதுவது நான் பலருக்கும் பரிந்துரைக்கும் முறை. முருங்கை, தண்டவாளம், ஊறுகாய், செவ்வாய் என்று எடுத்துக்கொண்டால், அவற்றைச் சேர்த்துப் படமாகக் கற்பனை செய்துகொள்ள மனத்துக்கு முடியும். எந்திரத்துக்கு ஊகிப்பது கடினம். இங்கே எழுதிவிட்ட இந்த நான்கையும் தவிர்த்துவிடுங்கள். புகழ்பெற்ற பாடல் வரியோ குறளோ வேண்டாம். அவை முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்கும்.

தாளில் எழுதிவைப்பது தவறு என்று ஒரு கருத்து நிலவுகிறது. அலுவலக மேசைக்கு அது பொருந்தும். வீட்டு வைஃபைக்கு, குடும்ப அட்டையும் எரிவாயுப் புத்தகமும் இருக்கும் உறைக்குள் ஒரு சீட்டு இருப்பதில் பிழையில்லை. அந்த உறையைத் திறந்து படிக்கும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டவரைத் தடுக்கக் கடவுச்சொல்லால் ஆகாது. கூடத்து நாள்காட்டியின் ஓரத்தில் பால் கணக்கோடு எழுதிவைப்பதுதான் தவறு.

யார் என்ன செய்யவேண்டும்?

மாற்றம் ஒரு கடவுச்சொல்லில் முடிந்துவிடக் கூடியதன்று. வாடகைக்கு அறை விடுவோரும் விடுதி நடத்துவோரும், ஆள் மாறும்போது பூட்டின் சாவியைப் பார்ப்பதுபோல வைஃபை சொல்லையும் மாற்றுவதை வழக்கமாக்கவேண்டும். மாற்றினால் தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றிலும் புதிதாகப் பதியவேண்டுமே என்ற தயக்கம் நியாயமானது. அதற்காகத்தான் இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் 'விருந்தினர் வலையமைப்பு' என்ற வசதி இருக்கிறது. வீட்டுக் கருவிகள் ஒரு சொல்லில் இருக்கட்டும்; வருவோர் போவோர் இன்னொரு சொல்லில் இருக்கட்டும். ஆள் மாறும்போது இரண்டாவதை மட்டும் மாற்றினால் போதும்.

அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள், எவர் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவர் ஊருக்குப் போகும்போது அதை நிறுத்தவோ, இருப்பவர் பெயருக்கு மாற்றவோ வேண்டும். தம் பெயரில் உள்ள இணைப்பைப் பழைய அறையிலேயே விட்டுவிட்டுப் போவது, கையெழுத்திட்ட வெற்றுத் தாளை விட்டுப் போவது போன்றது. பழைய கைப்பேசியை விற்பவர்கள், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டே கொடுக்கவேண்டும். இணைப்பு தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக ஐயம் எழுந்தால், உடனே கடவுச்சொற்கள் இரண்டையும் மாற்றிவிட்டு, 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

இணைய நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. இணைப்புக் கொடுக்கும் பணியாளர், வாடிக்கையாளரையே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை அவர் கையாலேயே பதியவைக்க ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் போதும். நிர்வாகப் பக்கத்தின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் அவர் வெளியேறக் கூடாது. ரவுட்டர் பெட்டிக்குள் வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழிலும், இங்கே வேலைக்கு வந்திருப்போருக்காக இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தொழிலாளர் விடுதிகளில் புதிதாகச் சேர்வோருக்குத் தீயணைப்பானைப் பற்றிச் சொல்லும் அறிமுக வகுப்பில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

வைஃபைக்கு 'அருகலை' என்று தமிழில் அழகான பெயர் ஒன்று உண்டு. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்ட தனித்தமிழ் அறிஞரின் பெயரைத் தாங்கிய ஊரில் அச்சொல் தெருவில் புழங்கவேண்டும் என்பது என் ஆசை. அவருடைய பெயரிலுள்ள 'மறை' என்பதற்கு வேதம் என்றும் ரகசியம் என்றும் இருபொருள் உண்டு. அருகலையின் கடவுச்சொல்லும் ஒரு மறைதான். எத்தனை பேர் அறியலாம் என்பதை அதன் உரிமையாளர் முடிவுசெய்ய வேண்டிய மறை.

இதைப் படிப்பவர்கள் இன்றே கைப்பேசியைத் திறந்து, தம் வீட்டுக் கடவுச்சொல்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது நினைவுக்கு வராததாக இருந்தால் எழுதிவையுங்கள். கைப்பேசி எண்ணாக இருந்தால் மாற்றுங்கள். கடைசியாக மாற்றிய நாளுக்குப் பின் எத்தனை பேர் அந்த வீட்டில் தங்கிப் போனார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதவில்லை என்றால், பூட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.